என் மூச்சை யார் பார்த்துக்கொண்டிருப்பார்?

கீழ்த்தாடையின் இரு பக்க ஞானப்பற்களையும் அறுவை செய்துதான் எடுக்க வேண்டும் என்று என் பல் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொன்னபோது, எத்தனை தையல் விழும், வீக்கம் எத்தனை நாள் இருக்கும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. “தூங்க வைத்துவிட்டுத்தானே எடுப்பார்கள்?” என்று மட்டும் கேட்டேன். இடப்பக்கப் பல் ஏறக்குறையப் படுத்த வாக்கில் கிடந்தது. அதன் வேர்நுனி, கீழுதட்டின் உணர்ச்சிக்குரிய நரம்பு ஓடும் கால்வாயை ஒட்டியிருந்தது. வாய், முக அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்ப்பதே நல்லது என்று அவர் அனுப்பிவிட்டார். யாரிடம் போவது என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. அந்த இரண்டு மாதங்களும் நான் கைத்திறன் உள்ளவரைத் தேடவில்லை, மயக்கம் கொடுப்பவரைத்தான் தேடினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

அந்த அச்சத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. பன்னிரண்டு வயதில் சீழ் பிடித்த கடைவாய்ப்பல் ஒன்றை எனக்குப் பிடுங்கினார்கள். மரப்பதற்கான ஊசியை இரண்டு முறை போட்டும் அந்த இடம் மரக்கவில்லை. வலிக்கிறது என்று சொன்னேன். “மரத்துத்தான் இருக்கும், நீ பயத்தில் சொல்கிறாய்” என்று பதில் வந்தது. இருவர் தோளைப் பிடித்துக்கொள்ளப் பல் வெளியே வந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள், என் உடம்புக்கு ஊசி பிடிக்காது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். வேறொரு சமயம் ஊசி போட்டவுடன் நெஞ்சு படபடத்துக் கை நடுங்கியதால், மருத்துவமனைப் படிவங்களில் “மரப்பூசி ஒவ்வாமை உண்டு” என்றும் எழுதி வந்தேன். இந்த இரண்டு நம்பிக்கைகளும் தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆயிற்று.

1943ஆம் ஆண்டு சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிடோகெய்னும் அதன் உறவு மருந்துகளும்தான் இன்றும் பல் மருத்துவத்தில் பெருமளவு பயன்படுகின்றன. திசுவுக்குள் சென்றதும் இந்த மருந்தின் மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்றவை, பெறாதவை என்று இரு கூட்டமாகப் பிரிகின்றன. மின்னேற்றம் இல்லாதவைதாம் நரம்பின் கொழுப்புறையைக் கடந்து உள்ளே நுழைய முடியும். சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மை அடைந்துவிடுவதால், அங்கே பெரும்பங்கு மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்று, வாசலிலேயே நின்றுவிடுகின்றன. ஊசி வேலை செய்யாததற்குக் காரணம் என் கோழைத்தனமோ என் உடம்பின் விசித்திரமோ அல்ல, அன்று இருந்த சீழ்தான். முதலில் தொற்றைத் தணித்திருக்கலாம், அல்லது சீழுக்கு அப்பால் நரம்பு நலமாக உள்ள இடத்தில் மருந்தைச் செலுத்தியிருக்கலாம். நெஞ்சு படபடத்தது, பெரும்பாலும் மருந்தோடு கலந்திருந்த அட்ரினலினால். இரத்தக் குழாய்களைச் சுருக்கி மரப்பு நெடுநேரம் நீடிப்பதற்காக அதைச் சேர்க்கிறார்கள். சற்றே குழாய்க்குள் போய்விட்டால் இதயம் குதிக்கும், சில நிமிடங்களில் அடங்கும். அதற்கு ஒவ்வாமை என்று பெயர் வைத்தவன் நான்.

இவை எதுவும் தெரியாத நிலையில்தான் முதல் நிபுணரிடம் போனேன். வரவேற்பறையிலேயே ஓர் அட்டை இருந்தது. சிரிப்பு வாயு, மாத்திரை, இரத்தக் குழாய் ஊசி, முழுமயக்கம் என்று நான்கு வகைகள் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது போல. மருத்துவர் இன்முகமாகவே பேசினார். “இரத்தக் குழாய் வழியாகக் கொடுத்துவிடுவேன், கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும், எதுவுமே நினைவிருக்காது” என்றார். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நாள் குறிக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான், உடன் வந்திருந்த என் தங்கை, “மயக்கம் கொடுப்பவர் யார்? அவரையும் ஒரு முறை பார்க்கலாமா?” என்று கேட்டாள். மயக்கமும் அறுவையும் தாமே என்றும், ஓர் உதவியாளர் கருவியைக் கவனித்துக்கொள்வார் என்றும் பதில் வந்தது. தங்கை அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. படியிறங்கும்போது, “அண்ணா, அவர் பல்லைப் பார்ப்பாரா, உன்னைப் பார்ப்பாரா?” என்றாள்.

நம் மொழியில் மயக்கம் என்ற ஒரே சொல் வெயிலில் தலைசுற்றி விழுவதற்கும், ஊசி போட்டுக் கிறங்க வைப்பதற்கும், வயிற்றைத் திறக்கும் அறுவைக்கு உணர்வையே நீக்குவதற்கும் சேர்த்து வழங்குகிறது. இந்தச் சொல்லின் தாராளம் நோயாளிக்கு நல்லதல்ல. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 1999இல் வகுத்த பாகுபாடு நான்கு நிலைகளைச் சொல்கிறது. முதல் நிலையில் பதற்றம் மட்டும் தணியும். பேசினால் இயல்பாகப் பதில் சொல்வோம். இரண்டாவதில் கண் சொக்கியிருந்தாலும் பெயர் சொல்லி அழைத்தாலோ மெல்லத் தொட்டாலோ கேட்டபடி செய்வோம். மூச்சு தானாக, போதுமான அளவில் ஓடும். இதை அரைமயக்கம் எனலாம். மூன்றாவதான ஆழ்மயக்கத்தில் எளிதில் எழுப்ப முடியாது. திரும்பத் திரும்ப உலுக்கினாலோ வலி உண்டாக்கினாலோதான் அசைவு வரும். மூச்சுப்பாதையைத் திறந்து வைக்க யாராவது உதவ வேண்டியிருக்கலாம். நான்காவது முழுமயக்கம்; வலி உண்டாக்கினாலும் விழிப்பு வராது, மூச்சுக்குப் பெரும்பாலும் துணை வேண்டும்.

எழுத்தில் நான்கு படிகளாகத் தோன்றும் இவை, உடம்பில் ஒரு சறுக்குமரமாகவே இருக்கின்றன. ஒரே அளவு மருந்து ஒருவரைச் சிரிக்க வைக்கும், இன்னொருவரைக் குறட்டை விட வைக்கும். இரண்டாம் நிலையில் நிறுத்த எண்ணிக் கொடுத்த மருந்தில் ஒருவர் மூன்றாம் நிலைக்குப் போய்விடலாம். எனவே எந்த நிலையை இலக்காக வைக்கிறார்களோ, அதற்கு அடுத்த நிலைக்குப் போனவரையும் மீட்டுக் கொண்டுவரத் தெரிந்தவர்தான் மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பாகுபாட்டோடு சேர்ந்தே வரும் விதி. அட்டையில் எத்தனை வகைகள் அச்சிட்டிருக்கிறார்கள் என்பது அதன் பிறகு எனக்குப் பெரிதாகப்படவில்லை. அடுத்த படிக்குச் சறுக்கினால் பிடிக்கும் கை யாருடையது என்பதே கேள்வியாயிற்று.

வாய் அறுவையில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. காலில் அறுவை நடக்கும்போது மயக்க மருத்துவர் தலைமாட்டில் அமர்ந்து முகத்தைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம். பல்லை எடுக்கும்போதோ, மருத்துவர் வேலை செய்யும் இடமும் நோயாளி மூச்சு விடும் பாதையும் ஒன்றே. எலும்பைக் குடையும் கருவி தண்ணீர் பீய்ச்சுகிறது, இரத்தம் கசிகிறது, நாக்கு பின்னால் சரிகிறது, தாடையைக் கீழ்நோக்கி அழுத்துகிறார்கள். விழித்திருப்பவன் விழுங்குவான், இருமுவான், கையை உயர்த்துவான். ஆழ்மயக்கத்தில் இருப்பவனுக்காக இவற்றை வேறு யாராவது கவனிக்க வேண்டும்.

இதனால் சிரிப்பு வாயுவை இளப்பமாக எண்ணிவிடக் கூடாது. நான் அப்படித்தான் எண்ணினேன்; குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கினேன். மயக்கவியல் என்ற துறைக்கே கதவைத் திறந்தது இந்த வாயுதான், திறந்தவரும் ஒரு பல் மருத்துவர்தான். 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஹொரஸ் வெல்ஸ் ஒரு கேளிக்கைக் காட்சிக்குப் போனார். சிரிப்பு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்து ஆடிய ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணராததைக் கவனித்து, மறுநாளே அதே வாயுவை முகர்ந்து, தம் பல் ஒன்றைச் சக மருத்துவரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். 1845 ஜனவரியில் பாஸ்டனில் மாணவர்கள் முன்னிலையில் செய்துகாட்டியபோது நோயாளி அலறிவிட்டார். வாயுப் பையைச் சீக்கிரமே எடுத்துவிட்டதுதான் காரணம் என்பார்கள். வெல்ஸின் பெயர் அன்று கெட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே நகரில் ஈதரைக் கொண்டு வெற்றி கண்டவர், ஒரு காலத்தில் அவருடைய கூட்டாளியாக இருந்த வில்லியம் மார்ட்டன் என்ற இன்னொரு பல் மருத்துவர். மருந்து சரியாக இருந்தும் அளவும் நேரமும் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு வெல்ஸின் அந்த நாள் ஒரு பழைய சான்று.

இன்று அந்த வாயுவை ஆக்சிஜனோடு கலந்து மூக்கு வழியாகத் தருகிறார்கள். ஆக்சிஜன் 30 விழுக்காட்டுக்குக் கீழே போகாதபடி கருவியே தடுக்கும் அமைப்பு பரவலாக இருக்கிறது. சில நிமிடங்களில் ஏறும். நிறுத்தித் தூய ஆக்சிஜன் கொடுத்தால் சில நிமிடங்களில் இறங்கும். ஏற்றவும் இறக்கவும் இத்தனை எளிதான வேறொரு முறை இல்லை. மூக்கடைப்பு உள்ளவர்கள், கருவுற்ற தொடக்க மாதங்களில் இருப்பவர்கள், அண்மையில் கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைத்து விழித்திரை அறுவை செய்துகொண்டவர்கள், வைட்டமின் பி12 குறைபாடு உள்ளவர்கள் ஆகியோர் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்து வைத்து நெடுநேரம் எலும்பைக் குடையும் வேலைக்கு இது மட்டும் போதுமா என்பது ஆளைப் பொறுத்தது.

மாத்திரை பார்க்க எளியதாகத் தோன்றும். டையஸிபாம், டிரையஸோலாம் போன்றவற்றை அரைமணி அல்லது ஒருமணி நேரம் முன்னதாக விழுங்கச் சொல்வார்கள். வயிற்றிலிருந்து எப்போது, எவ்வளவு இரத்தத்தில் சேரும் என்பதை யாரும் உறுதியாகக் கணிக்க முடியாது. போதவில்லை என்று இன்னொரு மாத்திரை கொடுத்து, பிறகு இரண்டும் சேர்ந்து ஏறினால் வம்பு. ஊசி இல்லை என்பதற்காக மட்டும் மாத்திரையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இரத்தக் குழாய் வழியாகக் கொடுப்பதன் மேன்மை, சிறிது சிறிதாகக் கொடுத்து விளைவைப் பார்த்து மேற்கொண்டு கொடுக்கலாம் என்பதே. பெரும்பாலும் மிடாசோலம், சிலர் அதோடு வலிநீக்கியான ஃபென்டனில் சேர்ப்பார்கள், ஆழமாகப் போக வேண்டுமானால் புரோபோஃபால். மிடாசோலத்துக்கு, அதன் விளைவை முறிக்கும் ஃபுளுமஸெனில் என்ற மாற்று மருந்து உண்டு, ஃபென்டனிலுக்கு நலாக்ஸோன் உண்டு. ஆனால் ஃபுளுமஸெனிலின் வேலை மிடாசோலத்துக்கு முன்பே முடிந்துவிடக் கூடும் என்பதால், தெளிந்தவர் மீண்டும் கிறங்கலாம். எழுந்து உட்கார்ந்தவுடன் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. புரோபோஃபாலுக்கு மாற்று மருந்தே கிடையாது. விரைவில் கலைந்துவிடும் என்பது உண்மை. அதுவரை அந்த மனிதரின் மூச்சை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிடாசோலம் வலியை நீக்குவதில்லை. அது பதற்றத்தைத் தணிக்கிறது, நடப்பதை நினைவில் பதியவிடாமல் செய்கிறது. “எதுவும் நினைவிருக்காது” என்று முதல் நிபுணர் சொன்னது பொய்யில்லை. ஆனால் நினைவில்லாதது வேறு, வலிக்காதது வேறு. எந்த அரைமயக்கத்திலும் பல்லைச் சுற்றி மரப்பூசி போட்டே ஆக வேண்டும், அது நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று சோதித்தே ஆக வேண்டும். மரப்பு போதாத குறையை மயக்கத்தின் ஆழத்தைக் கூட்டிச் சரிக்கட்டுவதுதான் சறுக்குமரத்தில் தள்ளிவிடும் வழி. என் பன்னிரண்டு வயது அனுபவம், மறந்துபோயிருந்தால் நடக்காதது ஆகிவிடுமா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

இரண்டாவது நிபுணரைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. திறமையானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். மரப்பூசி மட்டுமே போதும், இதற்கெல்லாம் மயக்கம் கேட்பது வீண் அலட்டல் என்றார். மருத்துவ நோக்கில் அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. ஞானப்பற்கள் பல மரப்பூசியில்தான் எடுக்கப்படுகின்றன. ஆனால் என் பழைய கதையைச் சொல்லத் தொடங்கியபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாயைத் திறந்து வைத்திருக்கும்போது கையை உயர்த்தினால் அவர் நிறுத்துவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது நிபுணர் பல்லைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்தார். ஏறக்குறைய அரைமணி நேரம் கேள்விகள்தாம். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா, முன்பு எப்போதாவது முழுமயக்கம் கொடுத்திருக்கிறார்களா, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் கடும் காய்ச்சலோ ஆபத்தோ வந்ததுண்டா, எடை குறைக்கவோ நீரிழிவுக்கோ செமாகுளூட்டைட் போன்ற ஊசி போடுகிறீர்களா என்றெல்லாம் கேட்டார். கடைசிக் கேள்வி ஏன் என்று கேட்டதற்கு, அந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருந்தால் மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கும் அபாயம் உண்டு என்று விளக்கினார். ஒவ்வாமை என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அன்று தோலில் தடிப்பு வந்ததா, முகம் வீங்கியதா, மூச்சு இரைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இல்லை என்று நான் சொன்னதும் அந்த வரியை அடித்துவிட்டு “அட்ரினலின் படபடப்பாக இருக்கலாம்” என்று எழுதினார்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, ஒலி எழுப்பாமல் நாக்கை வெளியே நீட்டச் சொன்னார். உள்நாக்கும் தொண்டையின் பின்பக்கமும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்ப்பதற்காம். 1985 முதல் மல்லம்பட்டி அளவு என்ற பெயரில் மயக்கவியலில் வழங்கும் எளிய சோதனை. என் தொண்டையில் மென்னண்ணம், அதாவது மேல்வாயின் பின்புற மென்பகுதி, மட்டும்தான் தெரிந்ததாகச் சொன்னார். கழுத்தின் சுற்றளவை நாடாவால் அளந்தார். “குறட்டை உண்டா?” என்று கேட்டதற்கு நான் “கொஞ்சம்” என்றேன். உடன் வந்திருந்த என் மனைவி, “கொஞ்சமா? பக்கத்து அறைக்குக் கேட்கும், டாக்டர். சில சமயம் மூச்சே நின்றுவிடும், நான் தட்டி எழுப்புவேன்” என்றாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளிடம் இன்னும் பத்து நிமிடம் பேசினார். அந்த அறையில் என் உறக்கத்தைப் பற்றி அறிந்தவர் அவள் ஒருத்திதான் என்பதை நானும் அன்றுதான் உணர்ந்தேன்.

உறக்கச் சோதனை முடிந்து வந்தபோது, மணிக்குச் சராசரியாக 22 முறை என் மூச்சு தடைபடுகிறது அல்லது குறைகிறது என்று தெரிந்தது. நடுத்தர அளவிலான உறக்க மூச்சுத்தடை. இயல்பான உறக்கத்திலேயே தொண்டைத் தசைகள் தளர்ந்து பாதையை அடைக்கும் ஒருவனுக்கு, அத்தசைகளை மேலும் தளர்த்தும் மருந்தைக் கொடுத்து, வாயையும் திறந்து வைத்து, தாடையையும் அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். முதல் நிபுணரின் நாற்காலியில் நான் படுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே நடக்காமலும் இருந்திருக்கலாம்.

என்னைப் பெரிதும் வியக்க வைத்தது அதற்குப் பிறகு அவர் சொன்னது. “உங்களுக்கு நான் இரண்டில் ஒன்றுதான் தருவேன். ஒன்று, அழைத்தால் கண் திறக்கும் அளவுக்கு மெல்லிய அரைமயக்கம். இல்லையென்றால் மருத்துவமனையில் மூச்சுக்குழாய் செலுத்தி முழுமயக்கம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஆழ்மயக்கத்தை மட்டும் தர மாட்டேன்.” முழுமயக்கம்தான் எல்லாவற்றிலும் அபாயமானது, அதற்குக் கீழே உள்ளவை ஒவ்வொன்றும் அதைவிடப் பாதுகாப்பானவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உறக்க மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு, அதுவும் வாயிலும் தொண்டையிலும் வேலை நடக்கும்போது, காப்பில்லாத மூச்சுப்பாதையோடு ஆழ்மயக்கத்தில் கிடப்பதைவிடக் குழாய் செலுத்திப் பாதையை உறுதி செய்த முழுமயக்கம் மேலானது என்பது மயக்கவியல் வழிகாட்டுதல்களிலேயே உள்ள கருத்து. கேட்டதைத் தருபவரைத் தேடி அலைந்த நான், கேட்டதை மறுத்தவரிடம் அன்று நாள் குறித்துக்கொண்டேன்.

மறுபடியும் கேள்விகளோடு போனேன். இம்முறை தங்கை எழுதிக்கொடுத்தவை. மூச்சை யார் கவனிப்பார் என்பது முதலாவது. தனியாக ஒரு மயக்கவியல் மருத்துவர் வருவார், தொடக்கம் முதல் முடிவு வரை தலைமாட்டில் இருப்பார், அவருக்கு வேறு வேலை கிடையாது என்றார். அறுவை செய்பவரே மயக்கமும் கொடுக்கும் முறையை நான் முற்றாகக் குறை சொல்லவில்லை. அதற்கென்று பயிற்சி பெற்றவர்களும் பயிற்சி பெற்ற குழுவும் உள்ள இடங்களில், உடல்நலமுள்ளவருக்கு, பேச்சுக்குப் பதில் சொல்லும் அளவிலான மயக்கத்தில் அது நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஆழ்மயக்கம் என்று வந்துவிட்டால், பல்லில் கண்ணும் குடையும் கருவியில் கையும் வைத்திருப்பவர் மூச்சையும் கவனித்துவிடுவார் என்று என்னால் நம்ப முடியவில்லை. என் உடம்பைப் பற்றித் தெரிந்த பிறகு இன்னும் முடியவில்லை.

அடுத்தது, எதைக் கொண்டு கவனிப்பார்கள் என்பது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போதாதா என்று நான் கேட்டேன். அது இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதைத்தான் காட்டும். மூக்கில் கூடுதல் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றாலும் அந்த எண் ஒரு நிமிடத்துக்கு மேல்கூட நன்றாகவே இருக்கும், இறங்கத் தொடங்கும்போது விரைந்து இறங்கும் என்று விளக்கினார். வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அலையாக வரைந்து காட்டும் கேப்னோகிராஃப் என்ற கருவி, மூச்சு நின்ற அடுத்த நொடிகளிலேயே தட்டைக் கோடாகிவிடும். வாய் திறந்திருப்பதால் அந்த அலையும் சில சமயம் ஏமாற்றும் என்பதால், தொண்டைக்கு மேல் ஸ்டெதஸ்கோப் ஒன்றையும் வைத்து மூச்சொலியைக் கேட்பார்களாம். மாற்று மருந்துகள், உறிஞ்சு கருவி, மூச்சுப் பை, இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி ஆகியவை எங்கே உள்ளன என்று கேட்டதற்கு அலமாரியைத் திறந்தே காட்டினார். குழுவாக அவசரநிலை ஒத்திகை கடைசியாக எப்போது செய்தீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் சற்றுச் சிரித்துவிட்டு, உதவியாளரை அழைத்துக் குறிப்பேட்டை எடுத்து வரச் சொன்னார். இந்தக் கேள்விகளுக்கு ஒருவர் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பே போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

குழந்தைகளுக்குப் பல் சிகிச்சைக்காக ஆழ்மயக்கமோ முழுமயக்கமோ கொடுப்பதென்றால் கேள்விகள் இன்னும் கறாராக இருக்க வேண்டும். அவர்களுடைய மூச்சுப்பாதை சிறியது, ஆக்சிஜன் இருப்பு குறைவு, சரிவு வேகமானது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ, குழந்தைப் பல் மருத்துவ அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பல் மருத்துவரைத் தவிர மயக்கத்தைக் கவனிப்பதற்கென்றே தகுதி பெற்ற தனி ஒருவர் இருந்தாக வேண்டும் என்கிறது. பெற்றோர் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

நான் அரைமயக்கத்தைத் தேர்ந்தேன். எளிய உணவுக்குப் பின் 6 மணி நேரம், கொழுப்பு மிகுந்த உணவென்றால் 8 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்ற பட்டினிக் கணக்கைத் தாளில் எழுதித் தந்தார்கள். வீட்டுக்கு அழைத்துப் போகவும் அன்றிரவு உடனிருக்கவும் ஒருவர் வேண்டும். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, எதிலும் கையெழுத்திடக் கூடாது. தங்கை வந்தாள். நாற்காலியில் சாய்ந்ததும் மயக்கவியல் மருத்துவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, கையின் இரத்தக் குழாயில் ஊசியைப் பொருத்தினார். கூரை விளக்கின் விளிம்பு சற்றே மங்கியது. மரப்பூசி போடப்போவதாக யாரோ சொன்னார்கள், சிறு அழுத்தம். “உதடு தடித்தது போல இருக்கிறதா?” என்று அறுவை மருத்துவர் கேட்டதும், இருக்கிறது என்று நான் சொன்னதும், அவர் கூரிய கருவியால் ஈறைத் தொட்டுத் தொட்டு “இங்கே? இங்கே?” என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போனதும் நினைவிருக்கின்றன. ஓரிடத்தில் கையை உயர்த்தினேன். அவர் நிறுத்தினார். இன்னும் ஓர் ஊசி போட்டுக் காத்திருந்தார். அதற்குப் பின் தண்ணீர் உறிஞ்சும் ஓசையும், யாரோ என் பெயரைச் சொல்லி ஆழமாக மூச்சு விடச் சொன்னதும் துண்டு துண்டாக இருக்கின்றன, மற்றவை இல்லை.

வீக்கம் வடிய ஆறு நாள் ஆயிற்று. கீழுதட்டின் இடது ஓரத்தில் லேசான மரப்பு மூன்று வாரம் இருந்து போயிற்று. தையல் பிரிக்கப் போன அன்று, மயக்கக் குறிப்பின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் என்று கட்டம் கட்டமாக எண்கள். மிடாசோலம் மொத்தம் 3 மில்லிகிராம். இடப்பக்கப் பல்லைப் பிளக்கும் நேரத்துக்கு எதிரே, கட்டங்களுக்கு வெளியே, நெருக்கமான கையெழுத்தில் இரண்டு வரிகள் எழுதியிருந்தன. “10.40: மூச்சலை தட்டை, ஆக்சிஜன் 98. அறுவை நிறுத்தம், தாடை உயர்த்தப்பட்டது, பெயர் சொல்லி அழைக்கப்பட்டார். 10.41: மூச்சலை சீர், ஆக்சிஜன் 97.”